கல்யாணம் முடிந்தது, விசா ஃபைலும் நகர்கிறது: பெயரை எப்போது மாற்றுவது?

தை, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் அக்ஷயா மையத்துக்கு, அதாவது கேரள அரசின் இ-சேவை மையத்துக்கு, ஒரே கேள்வி வரிசையாக வந்து நிற்கும். மாப்பிள்ளை அமெரிக்காவிலோ கனடாவிலோ வேலையில் இருப்பார், லீவு முடிந்து விமானம் ஏறியிருப்பார். பெண் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் தாய்வீட்டிலோ, பொள்ளாச்சிப் பக்கம் மாமியார் வீட்டிலோ இருப்பாள். பாஸ்போர்ட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் பையில் போட்டுக்கொண்டு வந்து, “அக்கா, அவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் போட்டுவிடட்டுமா, அப்பா பெயரே இருக்கட்டுமா?” என்பாள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாப் படிவத்தில் உங்கள் பாஸ்போர்ட் எண் ஏறாத வரை பெயரை மாற்றலாம். ஏறிய பிறகு, விசாவும் வாங்கி, போய் இறங்கி, அந்த நாட்டு அட்டை கைக்கு வரும் வரை பெயரைத் தொடாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கே இல்லையென்றால், மாற்றவே வேண்டாம். மனைவி கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. அப்பா பெயரோடு வருகிற மனைவிக்கு விசா கிடையாது என்று அமெரிக்காவும் சொல்வதில்லை, கனடாவும் சொல்வதில்லை, பிரிட்டனும் சொல்வதில்லை.

இதை நான் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் தெளிந்துவிடும். மீதிப் பேருக்கு விவரம் வேண்டும். இது அவர்களுக்காக.

அவர் பெயர் என்றால், எந்தப் பெயர்?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று நம்முடைய பெயருக்கு, இன்னொன்று குடும்பப் பெயருக்கு. குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. பள்ளிப் பதிவேட்டில் ‘கே. சங்கீதா’ என்று முதலெழுத்தோடு முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் முதலெழுத்து செல்லாது, விரித்து எழுத வேண்டும். அப்படி விரிக்கும்போது அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். சங்கீதா, சங்கீதா கிருஷ்ணசாமி ஆவார்.

கணவர் செந்தில்குமார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அப்பா பழனிசாமி என்றால், அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் பழனிசாமி. இப்போது சங்கீதா எதை எடுத்துக்கொள்வார்? நம் ஊர் வழக்கப்படி சங்கீதா செந்தில்குமார். அமெரிக்க அதிகாரியின் கண்ணுக்கு ஒரே குடும்பமாகத் தெரிய வேண்டுமென்றால் சங்கீதா பழனிசாமி, அதாவது மாமனார் பெயர். “எங்கள் வீட்டுப் பெயர் வர வேண்டும்” என்று மாமியார் சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவரே யோசித்திருக்க மாட்டார்.

இங்கேதான் ஆள் தடுக்கி விழும் இடம் இருக்கிறது. கணவரின் இயற்பெயரைச் சேர்த்துக்கொண்டு, “இனி எங்கள் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்” என்று நம்பிப் போகிறவர்கள் அங்கே போய் அப்படி இல்லை என்று தெரிந்துகொள்கிறார்கள். அவர் பழனிசாமி, இவர் செந்தில்குமார். அடுத்து குழந்தை பிறந்து, வழக்கப்படி அதன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைச் சேர்த்தால், குழந்தையின் குடும்பப் பெயரும் செந்தில்குமார். தாயும் பிள்ளையும் ஒரே பெயரில், அப்பா மட்டும் தனியாக. மாமனார் பெயரை எடுத்துக்கொண்டால் கணவன் மனைவி சேர்ந்துகொள்வார்கள், பிள்ளை தனியாக நிற்கும். பிள்ளைக்கும் தாத்தா பெயரையே குடும்பப் பெயராக வைத்தால் மூவரும் ஒன்று. ஆக, பாஸ்போர்ட் கட்டத்தை நிரப்பும் முன்னால், பிறக்காத பிள்ளையின் பெயரைப் பற்றியும் கணவரோடு பேசிவிடுவது நல்லது. தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் வேறு வேறாக இருந்தால், தனியாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பயணம் போகும் தாயிடம் விமான நிலையத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அதைப் பையில் வைத்துக்கொண்டால் முடிந்தது, அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. ஆனால் எது எதோடு ஒத்துப்போகும் என்று தெரிந்து முடிவெடுப்பது வேறு, தெரியாமல் எடுப்பது வேறு.

எழுத்துக்கூட்டல் தனிக் கதை. கேரளப் பள்ளியில் ‘ஸ்ரீ’க்கு ஆங்கிலத்தில் இரண்டு ‘ஈ’ போட்டு எழுதுவார்கள். எல்லை தாண்டினால் ஒரு ‘ஐ’யோடு முடித்துவிடுவார்கள். செந்தில்குமார் ஒரு தாளில் ஒரே சொல்லாக இருப்பார், இன்னொரு தாளில் நடுவே இடைவெளி விட்டு இரண்டு சொல்லாக இருப்பார். நமக்கு இது பொருட்டே இல்லை. கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு பேர். கணவர் பெயரைச் சேர்ப்பது என்று முடிவு செய்தால், அவர் பாஸ்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு, அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இடைவெளி உட்பட, எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து எழுதாதீர்கள்.

விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றுவது

இந்த வழிக்கு முதல் தேவை திருமணப் பதிவுச் சான்றிதழ். கேரளத்தில் 2008ஆம் ஆண்டின் பொதுத் திருமணப் பதிவு விதிகளின்படி, எந்த மதத்தவராக இருந்தாலும் கல்யாணம் நடந்த 45 நாட்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாட்கள், அதற்கு மேல் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள். எந்த மாநிலத்தில் கல்யாணம் நடந்தது என்பதுதான் முக்கியம். பெண் கொழிஞ்சாம்பாறை, மாப்பிள்ளை ஆனைமலை, தாலி கட்டியது பழனியில் என்றால், கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்து ஆபீஸில் போய் நின்று பயனில்லை. அதனால் மாப்பிள்ளை வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன்பே, இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பதிந்துவிடுங்கள். மறுவீடு, விருந்து எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போனால் யாருக்கும் குறையாகாது.

பதியும்போது ஒன்றில் உறுதியாக இருங்கள். திருமணச் சான்றிதழில் பெண்ணின் பெயர், கல்யாணத்துக்கு முன்பு பாஸ்போர்ட்டில் இருந்த பெயராகவே இருக்க வேண்டும். “எப்படியும் மாற்றத்தானே போகிறோம்” என்று புதுப் பெயரை அங்கேயே எழுதிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால், கிருஷ்ணசாமி மகள் சங்கீதாதான் சங்கீதா செந்தில்குமார் ஆனார் என்று காட்ட எந்தத் தாளும் மிஞ்சாது. பழைய பெயரையும் புதுப் பெயரையும் இணைக்கும் கண்ணி அந்தச் சான்றிதழ்தான்.

சான்றிதழ் கிடைத்ததும் பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000. 2018 ஜூன் முதல் நாட்டில் எந்தப் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்றாகிவிட்டதால், எங்கள் ஊர்க்காரர்கள் கேரள முகவரியோடே கோவைக்குப் போகலாம். வேலந்தாவளம் வழியாகப் பஸ் இருக்கிறது, கொச்சிக்கு அலைவதைவிட அது எவ்வளவோ மேல். போலீஸ் விசாரணை மட்டும் நீங்கள் படிவத்தில் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். இதனால்தான், அவசரம் இருந்தால் பெயரோடு சேர்த்து முகவரியையும் மாமியார் வீட்டுக்கு மாற்றாதீர்கள் என்கிறேன். அந்தத் தெருவில் உங்களை இன்னும் யாருக்கும் தெரியாது. நேற்று வந்த மருமகளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்?

2016 டிசம்பரில் வந்த தளர்வுக்குப் பிறகு பாஸ்போர்ட்டுக்குத் திருமணச் சான்றிதழே வேண்டாமாமே என்று சிலர் கேட்பார்கள். பெயர் மாறாமல் விண்ணப்பிக்கிறவருக்கு அது சரி. பெயரை மாற்றுகிறவர் மாற்றத்துக்குக் காரணம் காட்டித்தான் ஆக வேண்டும். அதற்கு இதைவிட வலுவான தாள் இல்லை. வெளிநாட்டுத் தூதரகமோ எப்படியும் இதைக் கேட்கத்தான் போகிறது.

இந்த வழியின் லாபம், விசா ஃபைல் முழுக்க ஒரே பெயர். ‘இதற்கு முன் வேறு பெயர்கள் இருந்தனவா’ என்ற கேள்விக்கு மட்டும் பழைய பெயரை எழுதினால் போதும். அதை மறைக்கக் கூடாது. படிப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெயரில்தானே இருக்கிறது. நஷ்டம் காலம். பதிவு, பாஸ்போர்ட், விசாரணை என்று வாரங்கள் போகும், அங்கே கணவர் ஒவ்வொரு நாளும் “எப்போது?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நடுவில் மாற்றுவது

‘நடுவில்’ என்பது எல்லா நாட்டுக்கும் ஒன்றல்ல. அமெரிக்கக் குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ மனைவிக்காக முதலில் ஐ-130 என்ற மனுவைப் போடுவார். அது அமெரிக்கக் குடியேற்றத் துறையில் மாதக்கணக்கில் தூங்கும். அந்த மனு, இது உண்மையான கல்யாணமா என்று பார்க்கும் கட்டம். விசா கட்டம் பிறகுதான் வரும். மனு ஒப்புதலாகித் தேசிய விசா மையத்துக்குப் போன பிறகு டிஎஸ்-260 என்ற படிவத்தை நிரப்புவோம். ஐ-130 அப்பா பெயரில் போயிருந்தாலும், இந்தத் தூக்க காலத்தில் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு, டிஎஸ்-260 வரும்போது புதுப் பெயரை எழுதி, பழைய பெயரை ‘வேறு பெயர்கள்’ கட்டத்தில் கொடுத்து, திருமணச் சான்றிதழைச் சேர்த்தால் வழக்கமாகச் சிக்கல் வருவதில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாத கணவருக்கும் பெயர் மாற்ற விரும்பும் மனைவிக்கும் ஒத்துவரும் ஏற்பாடு இதுதான்.

டிஎஸ்-260 அனுப்பிய பிறகு கதை மாறும். போலீஸ் சான்றிதழை இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம்தான் தருகிறது, கட்டணம் 500 ரூபாய். அதில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகி வரும். மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் அங்கேயும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் பதிவார்கள். நேர்காணலுக்கு முன்பதிவு, கைரேகை, எல்லாம் அதே எண். நேர்காணல் பெரும்பாலும் மும்பையில். இந்த நிலையில் பாஸ்போர்ட்டை மாற்றினால் பெயர் மட்டும் மாறாது, எண்ணும் மாறிவிடும். ஏற்கெனவே கையில் இருக்கும் தாள்கள் ஒவ்வொன்றும் செல்லாத பாஸ்போர்ட்டைச் சுட்டிக்கொண்டு நிற்கும்.

எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது, நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கிறார். அதற்குள் வீட்டில் யாரோ, “மாப்பிள்ளை பெயர் இல்லாமல் போனால் அங்கே மனைவி என்று நம்ப மாட்டார்கள்” என்று கிளப்பிவிட, தத்காலில் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். பிறகு போலீஸ் சான்றிதழ் மறுபடி, முன்பதிவுத் தகவலில் திருத்தம், பழைய பாஸ்போர்ட்டும் புதியதும் ஒரே ஆளுடையவை என்று விளக்கக் கடிதம். விசா மறுக்கப்படவில்லை, வந்துவிட்டது. ஆனால் இடையில் அந்தக் குடும்பம் தூங்கவில்லை. மனைவி என்று நம்புவதற்கு அதிகாரி பெயரைப் பார்ப்பதில்லை. திருமணச் சான்றிதழையும், சீர் தொடங்கி மறுவீடு வரை இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் நிற்கும் படங்களையும், கணவர் அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கையும், இருவரும் பேசிக்கொண்ட பதிவுகளையும்தான் பார்ப்பார். யார் அந்தக் கதையைக் கிளப்பிவிட்டாரோ அவருக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

விசா ஒட்டிய பிறகு, பயணத்துக்கு முன்னால் மாற்றுவது இன்னும் மோசம். விசா பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும், டிக்கெட் எந்தப் பெயரில் எடுப்பது என்பதே குழப்பமாகிவிடும்.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்கான எச்-4 போன்ற சார்பு விசாவில் போகிறவர்களுக்கு ஐ-130 போன்ற நீண்ட இடைவெளி கிடையாது. டிஎஸ்-160 என்ற விசாப் படிவத்தை நிரப்பும்போதே பாஸ்போர்ட் எண் ஏறிவிடும். அதற்கு முன்பே மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த விசாக் காலம் முடியும் வரை விட்டுவிடுங்கள். கனடாவுக்கும் அப்படித்தான். கணவர் ஸ்பான்சர் செய்யும் விண்ணப்பத்தோடு பாஸ்போர்ட் நகலும் முதல் நாளே போகிறது, நிரந்தர வசிப்புத் தாள்கள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே வரும். ஆஸ்திரேலியாவில் விசாவே பாஸ்போர்ட் எண்ணோடு மின்னணு முறையில் கட்டப்பட்டிருக்கிறது. மாற்றினால் அவர்களின் இணையக் கணக்கில் உடனே தெரிவித்தாக வேண்டும், இல்லையென்றால் விமான நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் இப்போது ஒட்டுவிசாவுக்குப் பதில் இணையப் பதிவு, அங்கும் அதே விதி.

போய்ச் சேர்ந்த பிறகு மாற்றுவது

நான் அதிகம் பரிந்துரைப்பது இதுதான், அதிலும் குடியுரிமை வரை காத்திருக்க முடிந்தவர்களுக்கு.

நேர்காணலில் விசா வாங்கி அமெரிக்காவில் இறங்கும்போது கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லையென்றால், சிஆர்-1 என்ற வகையில் இரண்டு வருடத்துக்கான நிபந்தனைக் கிரீன் கார்டு வரும். அது தீர்வதற்கு முந்தைய 90 நாட்களுக்குள், நிபந்தனையை நீக்கச் சொல்லி ஐ-751 என்ற மனுவைப் போட வேண்டும். இந்தக் காலத்தில் பெயரை மாற்ற நினைத்தால், இந்தியத் தூதரகத்தின் வழியாகப் பாஸ்போர்ட்டை மாற்றி, கிரீன் கார்டை மாற்ற ஐ-90 போட்டு, அதற்கு ஒரு கட்டணம் கட்டி, பிறகு சமூகப் பாதுகாப்பு அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கி என்று ஒவ்வொன்றாக நகர வேண்டும். செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் பாஸ்போர்ட் ஒரு பெயரிலும் கிரீன் கார்டு ஒரு பெயரிலும் இருக்கும் இடைவெளியில் ஊருக்கு வரத் திட்டம் போடாதீர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திடீரென்று வர நேர்ந்தால், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் டிக்கெட் எடுத்து, திருமணச் சான்றிதழையும் பழைய பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமைக்குக் காத்திருந்தால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. அமெரிக்கக் குடிமகனின் மனைவி, கிரீன் கார்டு பெற்று மூன்று வருடம் ஆனதும், சேர்ந்து வாழ்ந்த மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு ஐந்து வருடம். அந்த என்-400 படிவத்திலேயே “பெயரை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?” என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் என்று எழுதி, நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி விழாவில் உறுதிமொழி எடுத்தால், பெயர் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் இல்லாமல் முடிந்துவிடும். அப்போது எப்படியும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கத்தான் போகிறோம், அதில் பெயர் மாற்ற வேண்டிய வேலையே இல்லை. பிறகு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் தாளைச் சேர்க்க வேண்டும். அது அந்த விழாவிலேயே கிடைத்துவிடுகிறது.

கனடாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் எந்த மாகாணத்துக்குப் போகிறீர்கள் என்று பாருங்கள். கியூபெக்கில் 1981 முதல் கல்யாணத்தைக் காரணமாக வைத்து மனைவி கணவர் பெயரை எடுத்துக்கொள்ள முடியாது.

கல்யாணத்துக்கு முன்பே நிச்சயதார்த்த விசாவில், அதாவது கே-1இல் போகிறவர்களுக்கு இந்த வழி தானாகவே வாய்க்கிறது. அப்பா பெயரில் போய், 90 நாட்களுக்குள் அங்கே கல்யாணம் செய்து, பெரும்பாலான மாநிலங்களில் திருமண உரிமத்திலேயே பெயரைத் தேர்ந்துகொண்டு, கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் புதுப் பெயரில் போடலாம். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தோடு பெண்ணைத் தனியாக அனுப்பும் வீடு அபூர்வம் என்பது வேறு விஷயம்.

மாற்றாமல் விடுவது

இது ஒரு தேர்வே இல்லை, சோம்பல் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் மாற்றிய பிறகு ஊரில் விட்டுப்போகும் தாள்களை எண்ணிப் பாருங்கள். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டு தடவைதான். அதற்குப் பிறகு பான் அட்டை, வங்கி, வருங்கால வைப்பு நிதி என்று ஒவ்வொன்றும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். சொத்து இருந்தால் இன்னும் கூடுதல். எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தென்னந்தோப்பு எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கும். இந்தப் பக்கம் ‘ஆதாரம்’ என்கிற நிலப் பத்திரமும் ‘கரம்’ என்கிற நிலவரி கட்டிய ரசீதும், அந்தப் பக்கம் பத்திரமும் பட்டாவும். இரண்டும் அப்பா பெயரோடு. வெளிநாட்டிலிருந்து தம்பிக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பும்போது கையெழுத்திடுவது புதுப் பெயர், நிலம் பழைய பெயர் என்றால் பதிவு அலுவலகத்தில் கேள்வி வரும்.

கேரளத்தில் இதற்கு ஒரு மருந்து உண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸர் ஒரு சான்றிதழ் தருவார், அக்ஷயா மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஊர் வங்கிக்கும் நிலத்துக்கும் அது நன்றாக உதவுகிறது. வெளிநாட்டுத் தூதரகத்திடம் அதை மட்டும் நீட்டி வேலை நடக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே திருமணச் சான்றிதழும் பழைய பாஸ்போர்ட்டும்தான் பேசும், இது துணைக்கு இருக்கட்டும்.

நர்ஸாகப் படித்தவர்களுக்கு நான் இன்னும் கறாராகவே சொல்வேன்: மாற்றாதீர்கள். கேரளத்திலிருந்து மனைவியாகப் போய், அங்கே தேர்வெழுதி வேலைக்குச் சேர நினைப்பவர்கள் எத்தனையோ பேர். பட்டம், கவுன்சில் பதிவு, அனுபவச் சான்றிதழ் எல்லாம் பழைய பெயரில் இருக்கும். அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு மையத்தில் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். தேர்வெழுதி, உரிமம் வாங்கி, வேலையில் உட்கார்ந்த பிறகு வேண்டுமானால் பெயரைப் பற்றி யோசிக்கலாம்.

“பெயர் மாற்றவில்லை, கடைசிப் பக்கத்தில் கணவர் பெயரை மட்டும் சேர்த்துவிடுகிறேன்” என்று ஒரு நடுவழி இருக்கிறது. வீட்டில் சமாதானத்துக்கு இது நல்ல வழி, குடும்பப் பெயர் அப்படியே இருக்கும். ஆனால் இதைச் சின்ன வேலை என்று நினைத்து எந்த நேரத்திலும் செய்துவிடாதீர்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாலும் வருவது புதிய பாஸ்போர்ட், புதிய எண். மேலே நடுவில் மாற்றுவதற்குச் சொன்னது முழுவதும் இதற்கும் பொருந்தும். விண்ணப்பத்துக்கு முன்பு என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

மாற்றியே ஆக வேண்டியவர்கள்

இரண்டு வகையினருக்கு மட்டும் நான் பொறுக்கச் சொல்வதில்லை.

ஒன்று, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருப்பவர்கள். வெறும் ‘சங்கீதா’ என்று பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எங்கள் பகுதியில் இன்னும் நிறைய. அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்ற மூன்று எழுத்து உட்கார்ந்துகொள்ளும், முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி. அது அங்கே வங்கிக்கும் உரிமத்துக்கும் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். ஐக்கிய அரபு அமீரகமும் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. துபாய் வழியாக மாறிப்போகும் பயணங்களில் டிக்கெட் எடுக்கும் முன் இதை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இவர்கள் கல்யாணத்தைச் சாக்காக வைத்தாவது, விண்ணப்பத்துக்கு முன்பே அந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவது நல்லது. அப்பா பெயரா, கணவர் பெயரா, மாமனார் பெயரா என்று முடிவு செய்ய இதைவிட நல்ல தருணம் கிடையாது, எப்படியும் பாஸ்போர்ட் மாறத்தானே போகிறது.

இன்னொன்று, மறுமணம் செய்துகொண்டு, பாஸ்போர்ட்டில் முன்னாள் கணவரின் பெயரோடு இருப்பவர்கள். இவர்கள் ஃபைலை அப்படியே நகர்த்தினால் அதிகாரிக்கு எந்தக் கேள்வியும் கேட்காமலே சந்தேகம் வரும். விவாகரத்துத் தீர்ப்பின் நகலை விசாவுக்கு எப்படியும் கொடுத்தாக வேண்டும். அதே நகலை வைத்து முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் திருமணச் சான்றிதழ், தீர்ப்பு, இரண்டாம் திருமணச் சான்றிதழ், இந்த வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் அப்போதைய பெயரைப் பென்சிலால் அடிக்கோடிட்டு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால், நேர்காணலில் சொல்ல வேண்டியதை அந்தத் தாள்களே சொல்லிவிடும்.